இராவணன் மீசையை மழிக்காதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். கடற்கரை ஊர்க்காரர்கள் மட்டுமாவது பொறுமையாக முழுவதும் வாசியுங்கள்.

"கடற்கரையை அழகுபடுத்துகிறோம்" என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. காரணம், அழகுபடுத்தல் எப்போதும் ஒரே மாதிரித்தான் நடக்கிறது. முதலில் ஒரு பெக்கோ வரும். கரையில் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் மணலைத் தட்டையாக்கும். அந்த மேட்டில் படர்ந்திருக்கும் முட்புல்லை வேரோடு வாரி ஒரு மூலையில் குவிக்கும். பிறகு நெருப்பு வைப்பார்கள். அதன் பின் நான்கு சீமெந்துக் கதிரை, ஒரு பெயர்ப்பலகை, வரிசையாகப் பத்துச் சவுக்கங்கன்று, திறப்பு விழா, புகைப்படம். அடுத்த மாரியில் கடல் கதிரைக்குக் கீழே வந்து நிற்கும். "கடலரிப்பு, கடலரிப்பு" என்று நாங்கள் முகநூலில் எழுதுவோம். கல் போடச் சொல்லி மகஜர் கொடுப்போம்.

அண்மையில் எங்கள் பக்கத்திலும் இது நடந்தது. எந்த ஊர், யார் செய்தார்கள் என்பது இங்கே முக்கியமில்லை. செய்தவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பிள்ளைகள் விளையாட இடம் வேண்டும், குடும்பங்கள் பின்னேரம் வந்து உட்கார வேண்டும் என்பதுதான் அவர்களுடைய நினைப்பு. அந்த முட்புல்லை அவர்கள் குப்பை என்று நினைத்ததில்தான் எனக்கு வழக்கு.

அந்தப் புல்லுக்குப் பெயர் உண்டு. இராவணன் மீசை. சிங்களத்தில் "மகா ராவணா ரெவுல" என்பார்கள், அதாவது இராவணனின் தாடி. ஒரே புல், ஒரே இராவணன். தமிழில் மீசையாகவும் சிங்களத்தில் தாடியாகவும் இருக்கிறார். தாவரவியல் பெயர் ஸ்பினிபெக்ஸ் லிட்டோரியஸ். நெல்லும் கரும்பும் மூங்கிலும் எந்தக் குடும்பமோ அதே புற்குடும்பம். இந்தியக் கரையிலிருந்து எங்கள் நாடு, தென்கிழக்காசியா, அவுஸ்திரேலியாவின் வடகரை வரை கடலோர மணலில் தானாக வளர்கிறது. யாரும் கொண்டுவந்து நட்டதல்ல. எங்களுக்கு முன்பே இந்தக் கரையில் இருந்தது.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இலை ஊசி மாதிரி விறைப்பாக, நுனி கூர்மையாக, உள்பக்கம் சுருண்டிருக்கும். சாம்பல் கலந்த பச்சை நிறம். கட்டையான ஓடிகள் மணலுக்கு மேலாக யார் யார் பக்கமோ ஓடும். ஓடி என்றால் நிலத்தின் மேல் கிடந்து, கணுவுக்குக் கணு வேர்விடும் தண்டு, வல்லாரையில் பார்த்திருப்பீர்கள். பெண் செடியில் வரும் பூங்கொத்து காய்ந்ததும் சிறு பிள்ளையின் பந்தளவு முள்ளுருண்டையாகிக் கழன்று விழும். காற்றில் அது கடற்கரை நீளத்துக்கும் உருண்டோடும். நாங்கள் சின்ன வயதில் அதன் பின்னால் ஓடியிருக்கிறோம். பிடித்தவனுக்குக் கை குத்தும், பிடிக்காதவனுக்கு மானம் போகும்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். பரீட்சையில் வறள்நிலத் தாவரத்துக்கு உதாரணம் கேட்டால் எங்கள் பிள்ளைகள் கள்ளி என்று எழுதுவார்கள். காற்றினால் வித்துப் பரம்பலுக்கு எருக்கலை என்று எழுதுவார்கள். இரண்டும் சரியான விடைதான், புள்ளி கிடைக்கும். ஆனால் பாடசாலை மதிலுக்கு அப்பால் சைக்கிளில் போனால் ஐந்து நிமிடத்தில், நீரிழப்பைக் குறைக்க இலையைச் சுருட்டி வைத்திருக்கும் ஒரு புல் இருக்கிறது. அதன் வித்துத் தலையே ஒரு சில்லு மாதிரி உருண்டு போகிறது. பதிய முறை இனப்பெருக்கமும் அங்கேயே கண்முன்னால் நடக்கிறது. மூன்று பாடம் ஒரே இடத்தில். தரம் 8 பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியபோது ஒருவன் கேட்டான், "சேர், இது புல்லா? நான் முள்ளெண்டல்லவா நினைச்ச." கடலைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் புல் என்ன வேலை செய்கிறது?

காற்று மணலைத் தூக்கிக்கொண்டு வருகிறது. வெறும் தரையில் தடையில்லாததால் அந்த மணல் வீதிக்கும் வீட்டுக்கும் போய்விடும். புல் இருந்தால் அதன் விறைத்த இலைகளுக்கிடையில் காற்றின் வேகம் குறையும், மணல் அங்கேயே விழும். விழுந்த மணல் புல்லை மூடும். வேறு செடி என்றால் அதோடு செத்துப்போகும். இராவணன் மீசை அப்படியல்ல. மூடிய கணுவில் புது வேர் விட்டு, நுனியை மேலே நீட்டும். மறுபடி மணல் விழும், மறுபடி மேலே வரும். இப்படி மணலும் புல்லும் ஒன்றையொன்று உயர்த்திக்கொண்டு போவதுதான் மணல்மேடு. மேடு முதலில் இருந்து அதில் புல் முளைத்தது என்று நினைக்கிறோம். பல இடங்களில் புல் இருந்ததால்தான் மேடு வந்தது.

மாரியில் கடல் கொந்தளிக்கும்போது அலை அந்த மேட்டின் முகப்பை வெட்டி எடுக்கும். பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் எடுத்த மணலில் பெரும்பங்கு கரைக்கு அருகிலேயே நீருக்கடியில் திட்டாகப் படிகிறது, அலை அந்தத் திட்டில் உடைந்து பலமிழக்கிறது. கடல் அமைதியானதும் சிறு அலைகள் அதே மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொண்டுவந்து கரையில் போடும். காற்று அதைத் தூக்கும், புல் பிடித்துக்கொள்ளும். இது ஒரு சேமிப்புக் கணக்கு. மாரியில் எடுக்கிறோம், கோடையில் வைப்பிலிடுகிறோம். புல்லை எரித்தவன் வங்கியை எரித்தவன்.

சீமெந்து மதிலுக்கு இந்தக் கொடுக்கல் வாங்கல் தெரியாது. மதிலில் மோதிய அலை அதே வேகத்தில் திரும்பிப் போகும்போது மதிலின் அடியிலுள்ள மணலையும் தோண்டிக்கொண்டு போகும். வீடு விழப்போகிற இடத்தில் கல் போடத்தான் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கல் போட்ட இடத்தில் காலப்போக்கில் கரை என்று ஒன்று மிஞ்சுவது கஷ்டம். கல்லின் இரு முனைகளிலும் அரிப்புக் கூடும். பிறகு அங்கும் கல் வேண்டும்.

யால பக்கம் நடந்ததைப் பலர் அறியமாட்டார்கள். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு சர்வதேச ஆய்வாளர் குழுவொன்று எங்கள் கரைகளில் நீர் எவ்வளவு உயரம் வந்தது என்று அளந்தது. யாலவில் ஒரு சுற்றுலா விடுதி, கடல் நன்றாகத் தெரியவேண்டும் என்பதற்காகத் தனக்கு முன்னாலிருந்த மணல்மேட்டின் ஒரு பகுதியை முன்பே அகற்றியிருந்தது. அந்த விடுதி முற்றாக அழிந்தது. மேட்டைத் தொடாமல் விட்டிருந்த பக்கத்து இடங்களைவிட விடுதி வளவில் நீர் மிக உயரமாக வந்திருந்ததை அந்தக் குழு பதிவுசெய்தது. காட்சிக்காக வெட்டிய மேடு, உயிருக்காக வேண்டியிருந்தது.

புல் சுனாமியை நிறுத்தும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய், எங்கள் மையித்துகளுக்கு முன்னால் சொல்லக்கூடாத பொய். அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அந்த ஞாயிறு காலையில் இழந்தோம். நாட்டிலேயே ஆகக்கூடிய இழப்பு எங்கள் மாவட்டத்துக்குத்தான். ஒரு புல்லினால் அதைத் தடுத்திருக்க முடியாது. ஆனால் மேடு உயரமாக இருந்த இடத்துக்கும் தட்டையாக இருந்த இடத்துக்கும் வித்தியாசம் இருந்தது. அந்த மேட்டைக் காசு செலவில்லாமல் கட்டித் தருவது இந்தப் புல்.

சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்கில் 200 மீற்றர் வரை வீடு கட்டக்கூடாது என்று இடைவெளி வலயம் அறிவித்தார்கள். கடலுக்கும் வயலுக்கும் நடுவில் ஒடுங்கிய துண்டில் நெருங்கி வாழும் சனத்துக்கு அது எவ்வளவு பெரிய இடி என்று எல்லோருக்கும் தெரியும். பிறகு தளர்த்தினார்கள். அது தனிக் கதை. எனக்குக் கவலை, அப்போது வெறுமையாகிப்போன அந்தக் கரைத்துண்டில் பிறகு நாங்கள் என்ன செய்தோம் என்பதுதான். வீதி போட்டோம், பூங்கா போட்டோம், குப்பை கொட்டினோம், சவுக்கு நட்டோம்.

சவுக்கைப் பற்றி நியாயமாகப் பேச வேண்டும். அதற்கு ஆதரவாளர்கள் அதிகம். வேகமாக வளரும், நிழல் தரும், விறகாகும், காற்றை மறைக்கும். அடர்த்தியான சவுக்குத் தோப்பு அலையின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கவும் செய்யும். ஆனால் அது எங்கள் நாட்டு மரமல்ல. அதன் ஊசியிலைகள் உதிர்ந்து பாய்விரித்த மாதிரி மூடிவிடும், கீழே புல்லும் கொடியும் முளைப்பது அரிது. மணலை நிலமட்டத்தில் பிடிக்க வேண்டிய இடத்தில் வெறும் தண்டுகள்தான் நிற்கும், காற்று அவற்றுக்கிடையால் சுதந்திரமாகப் போகும். கரை அரிக்கத் தொடங்கினால் வேர் வெளியில் தெரிய, மரம் கடலுக்குள் சாயும். எங்கள் பக்கத்தில் அப்படிச் சாய்ந்து கிடப்பவற்றை நீங்களே எண்ணலாம். சவுக்கு வேண்டுமென்றால் பின்வரிசையில் நடுங்கள். முன்வரிசை புல்லுக்கும் கொடிக்கும் உரியது, அதை மரத்துக்குக் கொடுக்காதீர்கள்.

கொடி என்றது அடம்பனை. "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்பதை அரசியல் மேடைகளில் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஆனால் அதை முதலில் சொன்னவன் நிச்சயமாகக் கடற்கரைக்காரன். தனி அடம்பன் கொடியை ஒரு ஆடு அறுத்துவிடும், திரண்டு கிடந்தால் கடலே யோசிக்கும். அடம்பனும் இராவணன் மீசையும் கூட்டாளிகள். அடம்பன் கடலுக்குக் கிட்டப் படரும், மீசை அதற்குப் பின்னால் மேட்டைப் பிடிக்கும், அதற்கும் பின்னால் தாழையும் மற்றப் பற்றைகளும் வரும். இந்த ஒழுங்கு எந்தப் பொறியியலாளரும் வரைந்ததல்ல.

இன்னொரு விடயம், எனக்கு இதுதான் பெரியது. கிணறு.

எங்கள் ஊர்களில் கடலுக்கு இவ்வளவு கிட்டவும் நல்ல தண்ணீர்க் கிணறு இருப்பதற்குக் காரணம் மணல். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உவர்நீருக்கு மேல் மிதக்கிறது. நன்னீர் பாரம் குறைவு, அதனால் மிதக்கும். நிலத்தடி நீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரத்தில் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் பழைய கணக்கு. கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஓர் அடி இறங்கினால் கீழே 40 அடி போகும். மணலை அள்ளி விற்றால், மேட்டைத் தட்டையாக்கினால், கரை பின்வாங்கினால், அந்த நன்னீர்ப் படை சுருங்கிக்கொண்டே வரும். இப்போது குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது, கிணறு யாருக்கு வேண்டும் என்று கேட்கிற தம்பிமாருக்கு ஒன்று சொல்கிறேன்: சுனாமிக்குப் பிறகு கிணறுகள் உப்பாகிப்போன நாட்களை உங்கள் உம்மாவிடம் கேளுங்கள். பவுசர் வண்டிக்குப் பின்னால் குடத்தோடு நின்றவர்கள் அவர்கள்தான்.

எதிர்க்கருத்துகள் உண்டு. அவற்றில் ஒன்றுதான் பாரமானது. கரைவலைக்காரர்கள் சொல்வது.

ஒரு காக்கா என்னிடம் நேரடியாகவே சொன்னார்: "மாஸ்டர், நீங்க சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாறீங்க. நாங்க வெறுங்காலோட வலை இழுக்கிற ஆக்கள். இது குத்தினா அந்தக் கிழமை தொழில் இல்ல. வலையில கொழுவினா ஆரு எடுக்கிற?" இதற்குப் பதிலாகச் சுற்றாடல் பிரசங்கம் செய்ய எனக்கு மனமில்லை. அவர் சொன்னது உண்மை. வலை இழுக்கும் பாட்டிலும் தோணி ஏற்றும் இடத்திலும் வாடிக்கு முன்னாலும் இந்தப் புல் வேண்டாம். கரையில் அவர்களுக்கு வேண்டிய இடத்தை அவர்களே கோடு போட்டுக் காட்டட்டும். மிச்ச இடம் புல்லுக்கு. கரையின் முழு நீளத்துக்கும் யாரும் வலை இழுப்பதில்லை. அந்தக் காக்காவே பிறகு, எங்கே நடலாம் என்று குச்சியால் மணலில் கீறிக் காட்டினார். அந்தக் கோட்டை எந்தத் திட்ட வரைபடமும் காட்டியிருக்காது.

"பாம்பு வரும்" என்பது அடுத்தது. குப்பையும் உணவு மிச்சமும் எலியைக் கூப்பிடும், எலி பாம்பைக் கூப்பிடும். குப்பையை எடுங்கள், புல்லை விடுங்கள். "பார்க்க அசிங்கம்" என்பது மூன்றாவது. இதற்கு என்னிடம் பதிலில்லை, ரசனைக்கு வழக்குப் பேச முடியாது. வெயில் சாயும்போது அந்தச் சாம்பல் பச்சையை ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள் என்று மட்டும் சொல்வேன்.

எங்கே இந்தப் புல்லினால் பயனில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒலுவிலைப் பாருங்கள். டென்மார்க் கடனில் கட்டி 2013இல் திறந்த துறைமுகத்தின் அலைதடுப்புகள், கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்துவிட்டன. தெற்கில் மணல் சேர்ந்து துறைமுக வாயையே அடைக்கிறது. வடக்கில் கரை கரைந்து தென்னந்தோட்டமும் காணியும் கடலுக்குள் போயின. மணல் வரவே நின்றுபோன இடத்தில் புல் எதைப் பிடிக்கும்? அங்கே தேவை, சேர்ந்த மணலைத் தூர்வாரி மறுபக்கம் கொண்டுபோய்ப் போடும் நிரந்தர ஏற்பாடு. அது அரசாங்கத்தின் வேலை, பாடசாலைப் பிள்ளைகளின் வேலையல்ல. இந்த இரண்டையும் குழப்பி, "மக்களே மரம் நட்டுக் கரையைக் காக்கலாம்" என்று பெரிய பிழையைச் சின்னச் சிரமதானத்தால் மூடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நான் சொல்வது, மணல் இன்னும் வந்து போகிற, கரை இன்னும் உயிரோடிருக்கிற இடங்களைப் பற்றி. அவை இன்னும் நிறைய இருக்கின்றன. பாணமைப் பக்கம் போனவர்களுக்கு, மனிதன் கைவைக்காத மணல்மேடு எப்படி இருக்கும் என்று தெரியும்.

சரி, எப்படி வளர்ப்பது? பல பேர் கேட்டதால் நாங்கள் செய்வதை அப்படியே எழுதுகிறேன்.

முதலில், ஏற்கெனவே புல் இருக்கும் இடத்தில் நடவேண்டாம், விட்டாலே போதும். இரண்டு மூன்று வருடம் யாரும் மிதிக்காமல், வண்டி ஓடாமல் இருந்தால் அதுவே பரவிக்கொள்ளும். நடுகை என்பது எல்லாம் அழிந்து வெறுமையான இடத்துக்கு மட்டும். சிரமதானத்தில் கையை நீட்டுவதைவிட, கையைக் கட்டிக்கொண்டு நிற்பது சில வேளை பெரிய சேவை.

நடவேண்டிய இடமென்றால் கடற்கரைக்குப் பொறுப்பான கரையோரம் பேணல் திணைக்கள உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலகத்துக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அங்கே அபிவிருத்தி வேலை செய்ய அனுமதிப்பத்திரம் வேண்டும். புல் நடும் எங்களைவிட, பெக்கோ கொண்டுவருகிறவர்கள் இந்த வரியை இரண்டு தடவை வாசிப்பது நல்லது.

காலம் ஐப்பசி. முதல் இரண்டு மழை பெய்து மணல் ஒரு சாண் ஆழத்துக்கு நனைந்ததும் தொடங்குங்கள். கோடையில் நட்டால் தண்ணீர் சுமந்தே களைத்துவிடுவீர்கள்.

நடுவதற்கு ஓடிதான் இலகு. நன்றாகப் பரவியிருக்கும் ஒரு கூட்டத்தின் தரைப்பக்கத்தில் எடுங்கள், கடலைப் பார்த்த முகப்பில் கைவைக்க வேண்டாம். ஒரு கூட்டத்திலிருந்து இரண்டு மூன்று ஓடிக்கு மேல் வெட்டாதீர்கள். நுனியோடு, மூன்று நான்கு கணு இருக்கும்படி, ஏறக்குறைய ஒரு முழ நீளம். தடித்த கையுறை கட்டாயம், பிள்ளைகளென்றால் சப்பாத்தும் நீளக் காற்சட்டையும். வெட்டியதை நனைந்த சாக்கில் சுற்றி நிழலில் வைத்து அன்றைக்கே நட்டுவிடுங்கள். அடுத்த நாளைக்கு வைத்தால் காய்ந்துவிடும்.

எங்கே நடுவது என்பதில்தான் ஆட்கள் அவசரப்படுகிறார்கள். அலை நனைக்கும் இடத்தில் நடாதீர்கள். மாரி அலை ஆகக்கூடிய உயரத்தில் விட்டுப்போன சருகுக் கோட்டைத் தேடுங்கள். பழைய மீனவர் ஒருவரைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு காட்டுவார். அதற்குத் தரைப்பக்கமாக நாலைந்து பாகம் தள்ளி முதல் வரிசை. ஈர மணல் தட்டும் வரை சரிவாகக் குழி தோண்டி, இரண்டு கணு உள்ளே புதையவும் நுனி வெளியே தெரியவும் வைத்து, காலால் இறுக்கமாக மிதியுங்கள். செடிக்குச் செடி இரண்டு மூன்று அடி. அடுத்த வரிசையை முதல் வரிசையின் இடைவெளிக்கு நேராக வையுங்கள், காற்றுக்கு நேர்ப்பாதை கிடைக்கக்கூடாது. முதல் வரிசைக்கு முன்னால் அடம்பன் கொடித் துண்டுகளையும் புதைத்துவிடுங்கள். அது இதைவிட வேகமாக ஓடும், மீசை வேர்பிடிக்கும் வரை மணலைப் பிடித்துத் தரும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இராவணன் மீசையில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஒரே கூட்டத்திலிருந்து எல்லா ஓடிகளையும் எடுத்தால் எல்லாம் ஒரே பாலாகவே இருக்கும், பிறகு வித்து வராது. உருண்டை காய்க்கிறது பெண். சின்னச் சின்னக் கதிர்களாகக் கொத்துக் கொத்தாக நிற்பது ஆண். காற்றுதான் மகரந்தம் சுமக்கிறது. இரண்டையும் கலந்து நட்டால்தான் அடுத்த தலைமுறை தானாக வரும். இந்த இடத்தைப் படிப்பிக்கும்போது வகுப்பில் சிரிப்புச் சத்தம் வரும், வரட்டும்.

வித்தினாலும் வளர்க்கலாம். முற்றிக் காய்ந்து கழன்ற உருண்டையை எடுத்து, மழைக்கு முன் பாதி புதையும்படி மணலில் தாட்டுவிடுவதுதான் எங்கள் முறை. முள்ளின் அடியில்தான் வித்து இருக்கும். எல்லா உருண்டையும் முளைக்காது. ஓடியைப் போல நம்பிக்கையில்லை, ஆனால் செலவுமில்லை. தரம் 6 பிள்ளைகளுக்கு இதைத்தான் கொடுக்கிறோம், அவர்களுக்கு உருண்டையைத் துரத்திப் பிடிப்பதே பாடம்.

எரு வேண்டாம். எரு போட்டால் வேறு களைதான் முதலில் வரும். மழை இடையில் விட்டுப்போனால் முதல் சில கிழமைகளுக்குப் பின்னேரத்தில் தண்ணீர் ஊற்றினால் போதும். காய்ந்த தென்னோலைகளை முன்னால் இடைவெளிவிட்டு வரிசையாகக் குத்தி வைத்தால் மணல் அங்கே விழத் தொடங்கும். முழுதாக அடைத்துக் கட்டாதீர்கள், பாதி காற்றுப் போகவேண்டும். முழுத் தடுப்பென்றால் காற்று சுழன்று அடியைக் கிண்டும்.

மாடு இதன் முற்றிய இலையை விரும்பித் தின்னாது, ஆனால் மிதிக்கும். மாட்டைவிட மோசம் மோட்டார் சைக்கிள், அதைவிட மோசம் பின்னேரக் கிரிக்கெட். ஆகவே நடும் அன்றைக்கே பாதையையும் தீர்மானியுங்கள். ஒரு பாதை போதும், கயிறு கட்டி விடுங்கள். கடலுக்கு நேரே வெட்டாமல் சரிவாக, வளைத்து விடுங்கள். நேர்ப்பாதை காற்றுக்கும் அலைக்கும் வாசல் திறந்து கொடுக்கும். கிரிக்கெட் விளையாடும் தம்பிமாரை விரட்டாதீர்கள், நடும்போது கூப்பிடுங்கள். தான் நட்டதைத் தானே மிதிக்கிற பையன் குறைவு.

எங்கள் சுற்றாடல் முன்னோடிக் குழுப் பிள்ளைகள் நட்டதில் பாதிக்கு மேல் பிடித்தது. நடும்போது பக்கத்தில் ஒரு தடியை ஊன்றி, மணல்மட்டத்தில் பெயின்டால் கோடு போட்டு வைத்தோம். இரண்டாம் வருடம் கோடு காணாமல் போயிருந்தது. யாரோ தடியைப் பிடுங்கி மாற்றிவிட்டார்கள் என்று பிள்ளைகள் சண்டை பிடித்தார்கள். தோண்டிப் பார்த்தபோது கோடு அங்கேயேதான் இருந்தது, அதற்கு மேல் முழங்கால் உயரத்துக்கு மணல்.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் ஆலய, தேவாலய நிர்வாகங்களுக்கும் விளையாட்டுக் கழகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மையவாடியோ மைதானமோ கடலோரத்தில் இருந்தால், அதன் கடல்பக்கத்தைத் துப்புரவு செய்யும்போது பிளாஸ்ரிக்கையும் போத்தலையும் மட்டும் பொறுக்குங்கள். மண்வெட்டியைப் பள்ளியிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பிரதேச சபை உறுப்பினர்கள் யாராவது இதை வாசித்தால், அடுத்த கடற்கரைப் பூங்காத் திட்டத்தில் மேட்டின் தரைப்பக்கம் கதிரையைப் போட்டு, மேட்டுக்கு மேலாக ஒரு பலகை நடைபாதை விடுங்கள். கடலும் தெரியும், மேடும் இருக்கும்.

இந்த ஐப்பசிக்கு எங்கள் பக்கத்தில் இன்னொரு துண்டு நடப்போகிறோம், இன்ஷா அல்லாஹ். உங்கள் பாடசாலையிலோ கழகத்திலோ செய்ய விரும்புகிறவர்கள் இன்பொக்ஸில் எழுதுங்கள். ஓடி எங்கே எடுக்கலாம், ஆண் செடி எது பெண் செடி எது என்று வந்து காட்டுகிறேன். கையுறையும் சாக்கும் நீங்கள் கொண்டுவர வேண்டும்.